ஃபிதூரி: ஒரு சொல் சுமந்த பழி

அரபு மொழியில் 'ஃபுதூர்' எனின் தளர்ச்சி, சோர்வு, வேகம் தணிதல். இரு தூதர்களுக்கு இடைப்பட்ட காலத்தை 'ஃபத்ரத்' என நாம் வழங்குவதும் இவ்வேரினின்றே. இச்சொல் பாரசீகம், உருது வழியே பயணித்துக் 'குழப்பம்', 'கேடு' என்னும் பொருள்களை ஏற்றது; 'ஃபிதூரி' என உருமாறிச் சென்னை மாகாண அதிகாரிகளின் கோப்புகளில் மலைவாழ் மக்களின் கிளர்ச்சிக்குப் பெயராக அமர்ந்தது. சோர்வைச் சுட்டிய சொல் சோராது போராடியவர்கள் தலையில் ஏறியது விந்தையே.

ரணஜித் குஹா பதிப்பித்த 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' முதல் தொகுதியில் (1982) டேவிட் அர்னால்ட் எழுதிய கட்டுரை, கூடெம், ரம்பா மலைகளில் 1839 முதல் 1924 வரை நிகழ்ந்த எழுச்சிகளை ஆராய்கிறது. தனித்தனிக் கலகங்களாக எண்ணப்பட்டவற்றை ஒரே எதிர்ப்பு மரபின் தொடர்ச்சியாகக் காட்டியது அதன் பெருஞ்சிறப்பு. 1879 மார்ச்சில் ரம்பா ஏன் பொங்கியது? தம் தேவைக்கு இறக்கிய கள்ளின்மீது வரி, அதைத் தண்டக் குத்தகைக்காரர், காட்டின்மீது கட்டுப்பாடு, சமவெளி வணிகரிடம் பட்ட கடன், அவ்வணிகருக்குத் துணைநின்ற நீதிமன்றம், காவலரின் அத்துமீறல். மது நமக்கு விலக்கப்பட்டது என்பது வேறு. ஒருவன் முற்றத்து மரத்தின்மீது அரசு குத்தகைக்காரனை ஏவுவது வேறு. இவற்றுக்கெல்லாம் கோப்பு இட்ட பெயர் ஒன்றே: ஃபிதூரி.

1922 ஆகஸ்டில் சிந்தப்பல்லிக் காவல்நிலையத்தைத் தாக்கித் தொடங்கிய எழுச்சி, 1924 மே 7 அன்று அல்லூரி சீதாராம ராஜு சுட்டுக்கொல்லப்பட்ட பின் அடங்கியது. சமவெளியிலிருந்து வந்த ராஜுவுக்குச் சிலைகளும் திரைப்படங்களும் எழுந்தன. அவரோடு நின்ற மலைமகன் காம் மல்லு தோரா, 1952இல் மக்களவைக்கே சென்றவர். அவரை அறிந்தோர் எத்தனை பேர்? தனியொரு நாயகனைத் தேடாத அர்னால்டின் பார்வை இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகிறது.

நாம் அவரோடு மாறுபடுவது சொல்லில்தான். ஃபிதூரி என்பதை அவர் மலைமக்களின் எதிர்ப்பு மரபுக்குரிய பெயராகவே ஏற்றுக் கையாள்கிறார். அது மலையில் பிறந்த சொல்லன்று, கச்சேரியில் வழங்கிய சொல். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மண்ணின் மைந்தர்களைச் சுட்டு வீழ்த்தியதைக் குடியேற்றக் காவலர் 'கலைத்தல்' என்றே எழுதினர். அச்சொல்லை இன்று எந்த ஆய்வாளரும் மேற்கோள் குறியின்றி எழுதத் துணியார். ஃபிதூரிக்கு மட்டும் அக்குறி வேண்டாமோ?

சொல்லாராய்ச்சிக்கு இத்துணை இடம் ஏன் எனச் சிலர் வினவக்கூடும். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ரம்பாவுக்கு மட்டும் வந்ததன்று. கண்ணமங்கலத்தில் நின்று மேற்கே நோக்கினால் எழும் சவ்வாது மலையிலும் காப்புக்காடுகளின் எல்லைக் கற்கள் அதன்வழியே நாட்டப்பட்டன. சாமை விளைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் தம் மலையிலேயே அனுமதி கேட்போர் ஆயினர். 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். இம்மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தோர் அவர்களுள் இருந்தனர். அவர்களைப் போராளிகள் எனல் பிழை. கூலிக்குச் சென்றவர்கள் என்றே உற்றார் கூறினர். குடும்பத்தினர் சிலர் நீதிமன்றம் ஏறினர். காவல்துறையின் அறிக்கையிலோ அவர்கள் அனைவருக்கும் 'கடத்தல்காரர்' என்னும் ஒரு பெயரே இருந்தது.