அளவு தப்பிய காற்சட்டை

குழந்தை நூல் என்றவுடன் அதில் நீதியைத் தேடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளை இதில் எதைக் கற்கும் என்று கேட்டே நூலை வாங்குகிறோம். வாய்விட்டுச் சிரிக்க வைப்பதும் ஒரு நூலின் கடமையே என்பதை மறந்துவிடுகிறோம்.

ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ் எழுதி, புரொய்தி ராய் படம் வரைந்து, சென்னைத் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘இஸ்மத்ஸ் ஈத்’ அக்கடமையைச் செவ்வனே செய்கிறது. கதைத் தலைவரின் பெயர் நபீல் என மாறி, 2010-இல் அமெரிக்காவிலும் இது வெளிவந்தது.

துருக்கிய நாட்டுக் கதை ஒன்றே இதற்கு மூலம். காலணி செய்யும் இஸ்மத், பெருநாளுக்காக மனைவி, தாய், மகள் மூவருக்கும் பரிசு வாங்குகிறார். தமக்கு ஒரு காற்சட்டை. அதன் நீளமோ அதிகம். குறைத்துத் தரும்படி மூவரையும் கேட்கிறார். பெருநாள் வேலையில் மூவருக்கும் ஓய்வில்லை. தாமே வெட்டித் தைத்துக்கொள்கிறார். பின்னர் மனம் கேளாமல் மூவரும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து வெட்டித் தைக்கின்றனர். காற்சட்டையின் கதி என்னவாகும்?

இங்கே கெட்டவர் எவருமில்லை, முட்டாளும் இல்லை. அன்புதான் அளவு மீறிவிட்டது. ஒருவரை எள்ளிச் சிரிப்பது எளிது. ஒரு வீட்டாரோடு சேர்ந்து சிரிப்பது அரிது. அந்த அரிய சிரிப்பையே இந்நூல் தருகிறது. மேலும், இஸ்மத் அறியாததைப் படம் பார்க்கும் பிள்ளை முன்பே அறிந்துவிடுகிறது. எழுத்தறியாத குழந்தைக்குப் பெரியவரைவிடத் தான் கூடுதலாக அறிந்த பெருமை!

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது தனிச்சுவை தரும். 1925-இல் குலாம் காதர் தொடங்கிய பின்னல் ஆலையையே இவ்வூர்ப் பனியன் தொழிலின் தொடக்கமாகச் சொல்வார்கள். அன்று முதல் இங்கே அளவு என்பது பிழைப்பைப் பற்றிய விஷயம். கட்டிங்கில் தவறினால் செக்கிங்கில் துணி கழியும். பவர் டேபிளில் தைப்பவருக்கும் அருகே துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கும் உள்ள கவலை அது. அக்கவலைப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, அளவு தவறியதற்காக ஒரு வீடே சிரிப்பதை இங்கே காண்கிறது. இந்த ஆறுதலை எந்த நீதி நூலும் தந்துவிடாது.

குறையும் உண்டு. கதையில் ஊசி வேலை முதலில் பெண்களைத் தேடிப் போகிறது. அத்தாவே தையற்காரராக இருக்கும் வீட்டுப் பிள்ளை, “இவர் ஏன் முதலிலேயே தைத்துக்கொள்ளவில்லை?” என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். இன்னொன்று: இந்நூல் நம் வீட்டைப் பெருநாளன்று மட்டுமே காட்டுகிறது. ஷிப்டு முடிந்து களைத்து வரும் அத்தாவும், வெட்டுத் துணியில் பந்து கட்டி விளையாடும் பிள்ளையும் உள்ள சாதாரண நாளில் சிரிப்பு இல்லையா? அதை எழுதவும் வரையவும் வேண்டியவர்கள் அவ்வீடுகளை அறிந்த நாம்தாம்.