அட்வான்ஸ்: யாரால் காத்திருக்க முடியும்?

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென்று இப்போது இருக்கும் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு முடிந்தது. இந்தப் புதுச் சட்டத்தை சேலம், நாமக்கல் பக்கத்து வாடகை வீடுகளை மனசில் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். அந்த வாசிப்பில் எனக்குப் பட்டதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பழைய சட்டத்தின் மேல் வீட்டுக்காரர்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் உண்டு. அம்மாபேட்டையிலோ குகையிலோ வாடகைக்கு விடுகிற எல்லோரும் பெரிய பணக்காரர்கள் இல்லை. நெசவிலும் வெள்ளிக் கொலுசு வேலையிலும் சேர்த்த காசில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டியவர்கள் இருக்கிறார்கள். வயசான காலத்தில் அந்த வாடகைதான் அவர்களுக்குப் பென்ஷன். குடிவந்தவர் வாடகையும் தராமல் காலியும் பண்ணாமல் கோர்ட்டுக்கு இழுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? புதுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, தனி வாடகை நீதிமன்றம் என்று ஒரு வழி போட்டது. குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னது. இதெல்லாம் தேவையானவைதான்.

என் சிக்கல் மூன்று இடங்களில்.

ஒன்று, அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 11-வது பிரிவு. ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவதே "வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில்தான். பத்து மாத அட்வான்ஸ் கேட்டு, அதை ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டால் வரம்பு போயிற்று. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் உச்சம். அது வெறும் மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றால்தான் உண்டு. ஆனாலும் வரம்பை எப்படி எழுத வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

இரண்டு, அதைத் திருப்பித் தருவது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு தர வேண்டும் என்கிறது சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குக்கு மாதம் 5,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத அட்வான்ஸ் 15,000. புது வீட்டுக்காரர் அதே அளவு அட்வான்ஸை சாவி தரும் அன்றே கேட்பார். பழைய வீட்டுப் பணம் ஒரு மாதம் கழித்து வரும். நடுவில் அந்த 15,000-ஐ எங்கே புரட்டுவது? குழுக் கடன், தண்டல், நகை அடகு. அந்த ஒரு மாதத்து வட்டி குடியிருப்பவர் தலையில். இது போக "பெயிண்ட் காசு" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அட்டவணை ஒரு பக்கம், ஊர் வழக்கம் இன்னொரு பக்கம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே வாய்மொழியாக ஓடிக்கொண்டிருந்த வாடகைகளையும் எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி எழுதாமல் விட்டால், அதையே காரணமாகக் காட்டி வாடகையை முடித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இந்த உரிமை இரண்டு பேருக்கும் உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். குடியிருப்பவருக்கு வெளியே போக ஒரு உரிமை எதற்கு? பெட்டியைக் கட்டினால் போய்விடலாம். வீட்டுக்காரருக்கோ அது காலி பண்ணச் சொல்லும் ஆயுதம். "நமக்குள்ள எழுத்து எதுக்குங்க, வாய் வார்த்தை போதாதுங்களா" என்று சொன்னவர் வீட்டுக்காரராகவே இருந்தாலும், வீட்டை இழப்பது குடியிருந்தவர். தவறியது இருவர், நஷ்டம் ஒருவருக்கு.

இங்கே நாமக்கல் மாவட்டத்து விசைத்தறியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏனென்றால் அங்கேயும் இதே அட்வான்ஸ்தான், ஆனால் பணம் போகும் திசை நேர் எதிர். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி முதலாளி தொழிலாளிக்கு முன்பணம் கொடுப்பார். அதைத் தீர்க்காமல் தொழிலாளி வேறு தறிக்குப் போக முடியாது. குமாரபாளையத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் இந்த "பாக்கி" பற்றி 1999-இல் ஒரு கட்டுரையே எழுதினார். அதைக் கொத்தடிமைத்தனம் என்று மட்டும் பார்க்க முடியாது, தொழிலாளி எதிர்த்து நிற்கிற, பேரம் பேசுகிற இடமும் அதில் உண்டு என்பது அவர் வாதம். அதை ஒத்துக்கொண்டாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. தறியில் பணம் வாங்கியவர் கட்டுப்படுகிறார். வாடகை வீட்டில் பணம் கொடுத்தவர் கட்டுப்படுகிறார். பல சமயம் இரண்டும் ஒரே ஆள்: பகலில் தறியில் வாங்கிய அட்வான்ஸ், ராத்திரி லைன் வீட்டில் கொடுத்த அட்வான்ஸ்.

அப்படியானால் கட்டிப்போடுவது பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதல்ல. யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் வீட்டுக்காரருக்கு வருமானம் குறையும், வயசானவர்களுக்கு அது கஷ்டம்தான். குடும்பத்தோடு நிற்பவருக்கோ இரண்டு நாள்கூட முடியாது. "ஒப்பந்தப்படி" என்று சட்டம் விட்டுவிடுகிற ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்க முடிந்தவர் சொல்வதுதான் ஒப்பந்தமாகிறது.

சட்டத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழைய சட்டத்துக்குத் திரும்பவும் எனக்கு ஆசை இல்லை. 11-வது பிரிவின் முதல் சில சொற்களை எடுத்துவிடலாம். அட்வான்ஸில் தகராறு இல்லாத பகுதியைச் சாவி வாங்கும் நாளிலேயே தரச் சொல்லலாம், பழுதுக்கு உரிய மீதியை மட்டும் ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம். எழுதிக்கொள்ள மறுத்தவர் யார் என்று பார்த்து, மறுத்தவரால் அதையே காரணமாகக் காட்ட முடியாது என்று ஒரு வரி சேர்க்கலாம். மூன்றுமே சின்னத் திருத்தங்கள். நேர்மையான வீட்டுக்காரர் யாருக்கும் இதில் நஷ்டம் வராது.