மாரியூர் உப்பளமும் பறவைக் கணக்கும்

ஆப்பிரிக்காவில் பறவை பார்க்கக் கூட்டிப்போவது ஒரு பெரிய தொழில். மழைக்காடு, சதுப்பு, புல்வெளி என ஒரே பயணத்தில் இடம் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். எத்தனை இனம் கண்ணில் பட்டது என்பதுதான் பயணத்தின் மதிப்பு. அந்த முறைக்கு இராமநாதபுரம் சீமையும் தோதான இடம். சாயல்குடி அருகே மாரியூரில் தங்கினால் மாரியூர்–வாலிநோக்கம் உப்பளத்தில் பூநாரை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் கண்மாயில் கூழைக்கடா, சித்திரங்குடியில் சங்குவளை நாரை, மறுநாள் தனுஷ்கோடியில் ஆலா என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். இப்படிப்பட்ட பயணம் இந்தக் கரைக்கு வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அதை எண்ணிக்கையால் அளக்கும் வரை நன்மையைவிடத் தீமையே மிஞ்சும்.

வேண்டும் என்பதற்குக் காரணம், பார்ப்பவர் இல்லாத நீர்நிலைக்குப் பேசுபவரும் இருப்பதில்லை. இந்தச் சீமையின் கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தனுஷ்கோடி அதே 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தபின் ஒரு கண்மாய் நலிந்ததா செழித்ததா என்று சொல்ல ஆண்டுதோறும் எடுத்த கணக்கு வேண்டும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகள் ஆர்வலர்களின் கண்ணையும் காலையும் நம்பியே நடக்கின்றன.

தீமை எங்கே தொடங்குகிறது? உப்பளத்தையே பார்ப்போம். கடல்நீர் வந்து தேங்கும் முதல் பாத்தியில் மீன்குஞ்சு இருக்கும். அங்கே கொக்கும் நாரையும் நிற்கும். பாத்திக்குப் பாத்தி நீர் வற்றிக் கரிப்பு ஏற ஏற மீன் மறைந்து உப்பு இறால் பெருகும். அதைத்தான் பூநாரை தலைகீழாகக் கவிழ்த்த அலகால் அரித்து உண்கிறது. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் இரை ஏதும் இல்லை. இந்த ஒழுங்கு விளங்க ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரே வரப்பில் நிற்க வேண்டும். எண்ணிக்கைப் பயணம் அங்கே சற்று நேரம்தான் நிற்கும். கூட்டம் பறக்கும் படம் வேண்டுமென்று யாராவது ஓடிக் கலைத்தால், மேய வேண்டிய நேரம் பறவைக்கு வீணாகும். வடக்கே வலசை போகுமுன் கொழுப்பு சேர்க்கும் உள்ளானுக்கு அது பேரிழப்பு. கூடு கட்டிய கருவேல மரத்தடியில் நிலைமை இன்னும் கொடிது. வெயில் ஏறும்போது சங்குவளை நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். ஆள் நெருங்கி அது எழும்பினால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும், முட்டையைக் காகம் கொண்டுபோகும்.

வழிகாட்டி தடுக்க மாட்டாரா என்று கேட்கலாம். வெளியூரிலிருந்து வந்து, காட்டிய இனத்தின் எண்ணிக்கையால் பெயர் வாங்குபவருக்குத் தடுப்பது நட்டம். எந்தப் பாத்தியில் எந்த மாதம் பறவை இறங்கும் என்பது உப்பு வாருபவருக்கும், எந்த மடை திறந்தால் கண்மாய் வற்றும் என்பது ஆயக்கட்டு விவசாயிக்கும் தெரியும். வழிகாட்டும் வேலை அவர்களுக்கே போக வேண்டும். அவர்களுக்கு இனப்பெயர் தெரியாதே என்பது வழக்கமான மறுப்பு. பெயரைக் கற்றுக்கொள்ளலாம். உகாண்டாவின் மபாம்பா சதுப்பில், செருப்பு போன்ற பெரிய மூக்குள்ள நாரையொத்த பறவையைக் கண்டால் மீன் கிடைக்காது என்று நம்பிக் கொன்றுவந்த மீனவர்கள், இன்று அதைக் காட்டவே படகு வலிக்கிறார்கள். கென்யாவின் மீடா கழிமுகத்தில் அலையாத்திக்குள் போட்ட மரப்பாலத்துக்கு வாங்கும் கட்டணம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் நண்டுண்ணி என்ற பறவைதான் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் வருகிறது.

கனமான மறுப்பு வேறொன்று: பருவமழை பொய்த்தால் கண்மாய் வறண்டு கிடக்கும், வழிகாட்டியின் பிழைப்பு என்னாவது? இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. கூலியை நாள் கணக்கில் பேசினால் பாதி தீரும்; பறவை குறைந்த நாளிலும் உழைப்பு உழைப்புதானே. கடல்நீரை நம்பிய உப்பளம் அந்த ஆண்டும் நனைந்திருக்கும். ஆட்களை அங்கே அழைத்துப்போகலாம். வெயில் ஏறியபின் கூட்டுமரத்தடிக்கு வரமாட்டேன் என்று வழிகாட்டி சொன்னால், அன்றைய கூலி குறையக் கூடாது.