கீழ்த்தளத்துத் தாளம்

சான் பிரான்சிஸ்கோ துறையில் நிற்கும் 'ஜெரமையா ஓ'பிரையன்' என்ற பழைய போர்க்காலச் சரக்குக் கப்பலில் பீரங்கிகள்தான் முதலில் கண்ணில் படும். அதன் அழகோ கீழே, எஞ்சின் அறையில் இருக்கிறது. செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க இறங்க வெக்கை முகத்தில் அடிக்கிறது; சூடான எண்ணெய் வாசம் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது. கொதிகலனின் நீராவி சின்ன சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளிவிட்டு நடுத்தரமானதற்கும், பிறகு பெரியதற்கும் போகிறது. முழு வேகத்திலும் நிமிடத்துக்குச் சுமார் 76 சுற்றுதான். ஆள் உயரத்தை மிஞ்சும் எஃகுத் தண்டுகள் ஏறி இறங்குவதைக் கண்ணால் தொடர முடிகிறது. காதுக்கு அது இரைச்சலே இல்லை, நிதானமான மூச்சு.

எண்ணெய் போடுபவரின் கைதான் இங்கே பெரிய வித்தை. சுழலும் தண்டின் தாளத்தோடு கையை வீசி, பேரிங்கை ஒரு கணம் தொட்டு எடுக்கிறார். சூடு ஏறியிருக்கிறதா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும். தாளம் தப்பினால் கை நசுங்கும். பழக்கமும் பொறுமையும் இல்லாமல் இந்த லாகவம் வராது.

1943இல் போர் அவசரத்தில் கட்டிய கப்பல் இது. 1944இல், நேசப்படைகளின் தரையிறக்கத்தின்போது, நார்மண்டிக்குச் சரக்கு சுமந்தது. 1994இல், அந்தத் தரையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு, தன்னார்வலர்கள் இதே எஞ்சினை ஓட்டி மீண்டும் அங்கே போய்வந்தார்கள். 'டைட்டானிக்' படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளில் ஏறி இறங்கும் தண்டுகளும் இந்தக் கப்பலுடையவைதான்.