அயற்படை வருகையும் ஓர் உடன்படிக்கையின் சொற்களும்

உள்நாட்டுப் போரினால் அல்லற்படும் ஒரு நாட்டினுள் அயல்நாட்டுப் படை புகுதல் முறையாகுமா என்னும் வினா, அறிஞரால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதாகும். ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் 1859ஆம் ஆண்டிலேயே தலையிடாமை குறித்துத் தனிக் கட்டுரை ஒன்று வரைந்தார். கல்லூரி விவாத மேடைகளிலும் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. லிபியா, சிரியா, சூடான் முதலிய நாடுகளை எடுத்துக்காட்டி மாணவர் வாதிடுவர். திருகோணமலையில் வாழும் நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த இந்தியப் படை, இத்துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கடிதங்களோடு இணைந்த ஓர் உடன்படிக்கையின் வழியாகவே வந்தது. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் இறுதிப் பிரிவு இத்துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. ஆதலின் இவ்வினாவை நம் ஊர்வழி நின்று ஆராய்தல் பொருத்தமுடைத்து.

முதற்கண் இருசாரார் கூற்றுக்களையும் நடுநின்று நோக்குவாம். அயற்படை புகலாம் என்பார், 1971ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியப் படை கிழக்குப் பாக்கிஸ்தானுள் புகுந்ததனாலேயே ஆங்கு நிகழ்ந்த கொடுமை முடிவுற்று வங்காளதேசம் பிறந்தது என்பர். வியட்நாமியப் படை புகுந்தமையாலன்றோ 1979ஆம் ஆண்டு யனவரியில் கம்போடிய மக்கள் பொல் பொற் ஆட்சியினின்று விடுபட்டனர் என வினவுவர். 1994இல் றுவாண்டாவில் எவரும் புகாமையால் நேர்ந்த பேரழிவையும், 2009இல் வன்னியில் மக்கள் மடிகையில் உலகம் வாளாவிருந்ததையும் காட்டுவர். வன்னியில் தன் கடமையிற் பெரிதும் தவறியதாக ஐக்கிய நாடுகள் சபையின் உள்ளக மீளாய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. இவற்றை எளிதில் மறுத்தல் இயலாது.

புகலாகாது என்பார், நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடுதலை ஐக்கிய நாடுகள் சாசனம் விலக்குவதை எடுத்துக் கூறுவர். குடிமக்களைக் காக்கவெனத் தொடங்கிய 2011ஆம் ஆண்டு லிபியப் படையெடுப்பு, அந்நாட்டை ஒற்றை அரசற்ற நாடாக்கிவிட்டமையைச் சுட்டுவர். தன் முயற்சியாற் பெறாத விடுதலையை ஒரு மக்கட்கூட்டம் நெடிது காக்கமாட்டாது என்னும் மில்லின் கூற்றையும் துணைக்கழைப்பர். எனினும் மில் ஒரு விலக்கு வைத்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இரு பக்கத்தாரும் வெல்லவியலாது நெடிது நீளும் உள்நாட்டுப் போரில், நடுநிலை நாடொன்று புகுந்து போரை நிறுத்தி நேர்மையான இணக்கத்தை வற்புறுத்தலாம் என்பதே அவ்விலக்கு. 1987ஆம் ஆண்டு இந்தியா மேற்கொண்ட நிலை ஏறத்தாழ இதுவே.

இவ்விரு சாராரும் படையனுப்பும் நாட்டின் உரிமையையும் நோக்கத்தையும் பற்றியே வழக்காடுகின்றனர். நோக்கமோ உள்ளத்தினுள் மறைந்து கிடப்பது. ஒவ்வொருவரும் தத்தம் சார்புக்கேற்ப அதனை ஊகிப்பர். எழுத்தோ எல்லோர் முன்னும் கிடப்பது. ஆதலின், படையை வரவழைத்த பத்திரத்தில் எவருக்கு எது உறுதியாக எழுதப்பட்டது, எவருக்கு எது நெகிழ்வாக எழுதப்பட்டது என்று ஆராய்தலே நேரிய வழி என்பது என் துணிபு. இவ்வளவைக் கொண்டு 1987 யூலை 29ஆந் தேதி கொழும்பில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவும் பிரதமர் இராஜீவ் காந்தியும் ஒப்பமிட்ட இலங்கை–இந்திய உடன்படிக்கையைப் படித்துப் பார்ப்போம்.

அவ்வொப்பத்துக்கு முன் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1983 யூலைக் கலவரத்தின் பின் தமிழ் அகதிகள் பெருந்தொகையாகத் தமிழ்நாடு சென்றனர். தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சியும் படைக்கலமும் அளித்தது. 1987 மே மாதம் வடமராட்சியில் அரச படை பெரும் போர் தொடுத்தது. யூன் 4ஆந் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளை வீசின. இரண்டு திங்கள் கழியுமுன் உடன்படிக்கை வந்தது. ஒரு பக்கத்துக்குப் படைக்கலம் ஈந்த நாடே நடுவராக வந்தமையின், மில் வேண்டிய நடுநிலை தொடக்கத்திலேயே ஐயத்துக்கிடமாயிற்று.

இனிப் பத்திரத்துக்கு வருவாம். தமிழாசிரியர் ஒரு வாக்கியத்தை எடுத்தால் முதலில் எழுவாயைத் தேடுவர்; பின் பயனிலையை நோக்குவர்; அதன்பின் அவ்வினையைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளை ஆராய்வர். அம்முறையே இங்கும் போதும்.

இவ்வுடன்படிக்கையின் எழுவாய் இரண்டு அரசுகள். போரில் நின்ற இயக்கங்களுள் எதுவும் ஒப்பமிடவில்லை. தமிழர் கட்சிகளும் ஒப்பமிடவில்லை. கிழக்கில் வாழும் முஸ்லிம்களின் சார்பிலோ சிங்களவரின் சார்பிலோ ஒருவரும் தனித்து ஒப்பமிடவில்லை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் மூவினத்தாரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக வாழ்ந்தனர். அம்மூவரின் தலைவிதியைத் தீர்மானித்த பத்திரத்தில் மூவருள் எவரும் தம் பெயரால் இடம்பெறவில்லை. போராளிகள் படைக்கலங்களை ஒப்படைப்பர் என்று அரசுகள் எழுதின; ஒப்படைக்க வேண்டியவரின் ஒப்பமோ ஆங்கில்லை. பிறர் செய்யவேண்டிய வினைக்குத் தாம் ஒப்பமிட்டதே இப்பத்திரத்தின் முதற் குறை.

இரண்டாவது, பயனிலைகள். ஒப்பமிட்ட 48 மணி நேரத்துள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும். அதன்பின் 72 மணி நேரத்துள் படைக்கலங்கள் ஒப்படைக்கப்படும். ஓகஸ்ட் 15ஆந் தேதிக்குள் வடகிழக்கில் அவசரகால நிலை நீக்கப்படும். இங்ஙனம் மணிக்கணக்கும் நாட்கணக்கும் இட்ட பத்திரம், மக்களின் நிலையான உரிமையைப் பேசுமிடத்துத் தளர்ந்துவிடுகின்றது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணையும். 1988 டிசம்பர் 31ஆந் தேதிக்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடைபெறும். ஆயினும் சனாதிபதி தம் விருப்பப்படி அதனை ஒத்திவைக்கலாம். நாளைக் குறித்த கையே அந்நாளை அழிக்கும் உரிமையையும் எழுதிவைத்தது. அமைதி காக்கும் படையைப் பற்றிய செய்தியோ இணைப்பில் ஒரு மூலையில் வருகின்றது: வேண்டுமிடத்துச் சனாதிபதி அதனை அழைக்கலாம் என்பதே அதன் கருத்து. அப்படை எத்துணைக் காலம் தங்கும், எவரைப் பாதுகாக்கும், மக்களுக்கு ஊறு நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது, எப்பொழுது திரும்பும் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவதாக, அன்றே இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை நோக்குக. நம் ஊரின் பெயர் ஆங்குத்தான் வருகின்றது. திருகோணமலையோ இலங்கையின் வேறெத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்கு ஊறாக எந்நாட்டின் படைத்துறைப் பயன்பாட்டுக்கும் விடப்படமாட்டாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களைச் சீர்செய்து இயக்கும் பணியை இரு நாடுகளும் கூட்டு முயற்சியாக மேற்கொள்ளும். இவ்வாக்கியங்களில் ஒத்திவைப்புக்கு இடமில்லை. ஒருவர் விருப்பத்துக்கும் இடமில்லை. உடன்படிக்கையில் மக்களைக் குறித்த வாக்கியங்கள் ‘லாம்’ என்று முடிய, கடிதங்களில் துறைமுகத்தைக் குறித்த வாக்கியங்கள் ‘ஆகும்’ என்று முடிகின்றன. என் வாதம் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கும்.

இஃது இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. 1782ஆம் ஆண்டில் மட்டும் யனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்ற, ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்றளபதி சுவ்றன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். சுதந்திரத்தின் பின்னரும் 1957 வரை பிரித்தானியக் கடற்படை ஈண்டுத் தங்கிற்று. சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் அக்கடற்படைக்கெனவே எழுந்தவை. 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இத்துறைமுகத்தின் பொருட்டே. வல்லரசுகளின் பத்திரங்களில் இத்துறைமுகம் எக்காலத்தும் பெயர் பெற்றது. கரையில் வாழ்ந்தோர் பெயர் பெற்றதில்லை.

நெகிழ்வாக எழுதப்பட்டவை யாவும் விரைந்து நெகிழ்ந்தன. கடலிற் பிடிபட்ட புலிகள் இயக்கத்தினர் பன்னிருவர் அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆந் தேதி பலாலியில் நஞ்சருந்தி மாண்டனர். கிழக்கில் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 10ஆந் தேதி அமைதி காக்க வந்த படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21ஆந் தேதி யாழ்ப்பாண மருத்துவமனையினுள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1988 நவம்பரில் தேர்தல் நடந்து திருகோணமலையில் வடகிழக்கு மாகாண அரசு அமைந்தது. அடுத்த ஆண்டில் அவ்வரசின் துணைப்படைக்கு இளைஞர் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டனர். 1989இல் சனாதிபதி பிரேமதாச இந்தியப் படையை வெளியேறக் கோரினார். அப்படையை எதிர்த்த புலிகளுக்கு அவரது அரசே ஆயுதமும் அளித்தது. ஏறத்தாழ 1200 இந்தியப் போர்வீரர் இந்நாட்டு மண்ணில் மடிந்தனர். எஞ்சியோர் சென்னைத் துறைமுகம் சேர்ந்தபோது தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களை வரவேற்கச் செல்லவில்லை. 1991 மே 21ஆந் தேதி இராஜீவ் காந்தியும் கொலையுண்டார். அனுப்பினோர்க்கும் துயர், அழைத்தோர்க்கும் பழி, இடையில் வாழ்ந்தோர்க்கு இரண்டும்.

இரு வகை வாக்கியங்களும் பின்னர் அடைந்த கதியை ஒப்பிடுக. சர்வசன வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, ஒருபோதும் நடவாமற் போயிற்று. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடகிழக்கு இணைப்புச் செல்லாதெனத் தீர்த்தது. 2007 யனவரி முதல் மாகாணங்கள் இரண்டாயின. எண்ணெய்க் குதங்களைப் பற்றிய வாக்கியமோ அழியவில்லை. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனம் அக்குதங்களை ஏற்றது. 2022 யனவரியில் எஞ்சியுள்ள 99 குதங்களுள் 61ஐக் கூட்டாக அபிவிருத்தி செய்யப் புதிய ஒப்பந்தம் எழுந்தது. 2025 ஏப்பிரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் இணக்கப்பாடு ஒப்பமாயிற்று. போரும் ஆழிப்பேரலையும் ஆட்சி மாற்றங்களும் கடந்து அவ்வொரு வாக்கியம் உயிரோடிருக்கின்றது. உறுதியாக எழுதப்பட்டது நின்றது. நெகிழ்வாக எழுதப்பட்டது அழிந்தது.

இங்குச் சிலர் தடை எழுப்பக்கூடும். தன்னலம் சிறிதுமின்றி எந்நாடு தன் பிள்ளைகளை அயல்மண்ணில் மடிய அனுப்பும் என்பர். இத்தடை நியாயமானதே. இந்தியா தன் கரைக்கு அணித்தான துறைமுகத்தைப் பற்றிக் கவலையுற்றதைக் குற்றமென யான் கூறேன். தன்னலத்தை வைரத்தில் எழுதி, ஏற்ற கடமையை நீரில் எழுதியதே குற்றம். மற்றும் சிலர், புலிகள் இணங்கியிருப்பின், கொழும்பு அரசு உளமொப்பி நிறைவேற்றியிருப்பின், உடன்படிக்கை வென்றிருக்கும் என்பர். அதுவும் ஒருவாறு உண்மையே. பழி ஒருவர் தலையில் மட்டும் ஏறற்பாலதன்று. ஆயின் நல்ல பத்திரம் எனப்படுவது, எல்லோரும் நல்லவராயிருந்தால் மட்டும் நிற்பதன்று. ஒருவர் தவறினும் வலியற்றோரைக் காப்பதாகும். இன்னும் சிலர், பதின்மூன்றாவது திருத்தமும் மாகாண சபைகளும் இவ்வுடன்படிக்கையின் பயன் அன்றோ என்பர். ஆம், அப்பயனை மறுத்தல் நேர்மையன்று. அதுவும் வாயளவில் நில்லாது அரசியலமைப்பின் எழுத்தாயிற்று. அதனாலேயே இன்றளவும் எடுத்துப் பேச நமக்கு ஒரு பிடி இருக்கின்றது. இது என் கருத்துக்கு அரணாவதன்றிப் பகையாவதில்லை.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை வரிசையாக வைத்தார். படை செலுத்துவோர்க்குரிய அவ்வாராய்ச்சி, படையை வரவேற்போர்க்கும் உரியதே. 1987ஆம் ஆண்டு ஓகஸ்டில் இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்ற தமிழ் மக்கள் பேதையர் அல்லர். குண்டுவீச்சின் நடுவே உயிருக்கு அஞ்சியோர் கிடைத்த கையைப் பற்றுவர். அவர்களுக்காகப் பத்திரத்தைப் படித்து உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் கற்றோரே. ஆதலின் இது நம்மனோர் பொறுப்பாகின்றது.

இனி எந்நாட்டைக் குறித்து இவ்வினா எழினும், மாணவர் உடன்பட்டோ மறுத்தோ கைதூக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். படை எவர் நடுவே வாழப்போகின்றதோ அவர்கள் ஒப்பமிட்டனரா? படை திரும்பும் காலமும் அது தவறு செய்தாற் பதில் சொல்லும் இடமும் எழுதப்பட்டனவா? துறைமுகத்துக்கும் எண்ணெய்க்கும் அளித்த உறுதி, மக்களுக்கும் அதே சொல்வலியோடு அளிக்கப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அப்படையை உதவியென மதித்து வரவேற்கலாம். மூன்றாம் வினாவுக்கு மட்டும் விடை இல்லையெனினும், வருவது எவரைக் காக்க என்பதைத் திருகோணமலை மக்களினும் நன்கறிந்தார் பிறரில்லை.