புன்னையும் தினைப்புனமும்: சிறார்க்குச் சூழல் கற்பித்தல் குறித்து, களக்காட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. 2003 டிசம்பரில் அதே வழக்கில் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. இன்று தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதலிரு வகுப்புகளுக்குச் 'சூழ்நிலையியல்' என்னும் பாடநூல் உண்டு; பள்ளிகளில் தேசியப் பசுமைப்படை இயங்குகிறது. தமிழாய்வுத் துறையிலும் இதற்கு இணையானதொரு பெருக்கம் நிகழ்ந்துள்ளது. சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல் என்ற பொருளில் கட்டுரை இடம்பெறாத கருத்தரங்கத் தொகுதியைக் காண்பது அரிது. அக்கட்டுரைகளுள் பல, பாடல்களில் வரும் மரங்களையும் பறவைகளையும் பட்டியலிட்டு, இவற்றை இளந்தலைமுறைக்குக் கற்பித்தல் வேண்டும் என்று முடிகின்றன. குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களை வரிசைப்படுத்தியவுடன் கடமை நிறைவேறியது போன்ற அமைதி அவற்றில் தென்படும். அம்மலர்களைப் பறித்துப் பாறையில் குவித்தவர்கள், கிளி கடிய அனுப்பப்பட்ட இளம்பெண்கள் என்பது பட்டியலில் இடம்பெறுவதில்லை.

எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவுக்கு அப்பாடல்களுக்குள்ளேயே விடை இருக்கலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதனைப் பொருத்திப் பார்க்கக் களக்காடு தேர்ந்துகொள்ளப்படுகிறது. காடு என்னும் சொல் ஊர்ப்பெயரிலேயே நிற்கிறது. அதன் முற்பகுதி களாவைக் குறிக்கும் என்று கொள்வாரும் உளர். ஊருக்கு மேற்கே உள்ள மலைக்காடு, சிங்கவால் குரங்கின் பாதுகாப்பைக் கருதி 1976இல் சரணாலயமாக்கப்பட்டது. 1988இல் முண்டந்துறையோடு இணைக்கப்பெற்று மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. மலையிலிருந்து பச்சையாறு இறங்குகிறது. அடிவாரமெங்கும் வாழைத் தோட்டங்கள். களக்காட்டுப் பிள்ளை இவ்விரண்டுக்கும் இடையே வளர்கிறது. காட்டுக்குள் நுழைய அதற்கு அனுமதி வேண்டும். காட்டு விலங்கு தோட்டத்துக்குள் நுழைய எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

புன்னை என்னும் தமக்கை

நற்றிணை 172ஆம் பாடல் ஆய்வாளர் பலரும் எடுத்தாள்வது. பாடியவர் பெயர் தெரியவில்லை. சிறுமியர் விளையாட்டாகப் புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்தனர். பின்பு மறந்து போயினர். விதை முளைத்தது. நெய் கலந்த பால் ஊற்றி அதனை வளர்த்தனர். அன்னையோ, அம்மரம் உங்களினும் சிறந்தது, உங்களுக்குத் தமக்கை முறை ஆவது என்று சொல்லி வைத்தாள். அச்சிறுமி வளர்ந்து காதலனைச் சந்திக்கும் பருவத்தில், தமக்கையின் நிழலில் நின்று நகையாட நாணுகிறோம் என்று தோழி தலைவனிடம் கூறுகிறாள்.

இப்பாடலை 'மரத்தை உறவாகக் கருதிய பண்பாடு' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவது வழக்கம். கவனிக்கத்தக்கவை வேறு. முதலாவது, அந்த மறதி. விதை ஊன்றியது விழா அன்று, விளையாட்டு. பொறுப்பு பின்னரே, முளை கண்ட பிறகே வந்தது. ஜூன் 5 அன்று பள்ளிகளில் நடப்பது இதன் தலைகீழ் வடிவம்: பொறுப்பைக் குறித்து முதலில் உரை நிகழ்கிறது, கன்று நடப்படுகிறது, மறதி இறுதியில் வருகிறது. (சென்ற ஆண்டின் குழியிலேயே இவ்வாண்டின் கன்றும் நடப்படுவதைக் காணாத ஆசிரியர் நம்மிடையே சிலரே இருப்பர்.) அடுத்து, அன்னையின் கூற்று. அதில் ஏவல் இல்லை. மரத்தைக் காப்பாற்று என்றோ, மரம் நிழல் தரும், கனி தரும் என்றோ அவள் கூறவில்லை. முறை ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். அம்முறைக்குரிய நடத்தை என்ன என்பதைச் சிறுமியே கண்டடைகிறாள். அதுவும் அன்னை எதிர்பார்த்திராத இடத்தில்.

இங்கு ஒரு தடை எழும். துறைக் குறிப்பின்படி இது வரைவு கடாதல்; குறிபெயர்த்தல் என்றும் கொள்ளலாம். எனவே தமக்கை என்பது தலைவனை மறுக்கத் தோழி கையாளும் உத்தியே அன்றோ? ஆம், உத்திதான். ஆயினும் கேட்பவன் நம்பத்தக்கதாய் இருந்தாலன்றி எந்த உத்தியும் பயன் தராது. மரம் தமக்கையாதலைத் தலைவனும் ஏற்கக்கூடிய உலகம் ஒன்றைப் பாடல் முன்னிறுத்துகிறது. ஆய்வுக்குரிய சான்று அந்த நம்பகத்தன்மையே.

ஏவலின் இலக்கணம்

சிறார்க்கான நம் எழுத்து மரபில் ஆத்திசூடியின் செல்வாக்கு ஆழமானது. குறுகிய ஏவல், எளிதில் மனத்தில் பதியும் ஓசை. இன்றைய சூழல் முழக்கங்களும் அவ்விலக்கணத்திலேயே அமைந்தவை. ஔவையின் ஏவல்களுள் பெரும்பாலானவை கேட்கும் பிள்ளை தன் ஒழுக்கத்தளவில் செய்யக்கூடியவை. காட்டைக் காப்போம் என்பது ஆறு வயதுப் பிள்ளையால் செய்யக்கூடியதா? புலிகள் காப்பகத்தின் மலைகளில் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலத்தில்தான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. சோலைக்காட்டின் நெடும்பரப்பு தேயிலையானது பெரியோரின் ஒப்பந்தத்தால். அதனை ஈடுசெய்யும் உறுதிமொழியோ சிறார் வாயில் வைக்கப்படுகிறது. இது கற்பித்தலா, பொறுப்பைக் கைமாற்றுதலா என்ற ஐயம் நியாயமானதே.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 1970களின் இறுதியில் வெளிவந்த கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பழைய திருநெல்வேலி மாவட்டக் கரிசல் மண்ணே அதன் களம். அதில் வரும் சிறுவன் வெங்கடேசு பறவை முட்டைகளைத் தேடிச் சேகரிப்பவன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதும் வேட்டையே. அவ்வகையில் இந்நூலைச் சூழல் கல்விக்குப் பரிந்துரைக்கத் தயங்குவோர் இருக்கக்கூடும். ஆனால் எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், முட்டையின் நிறம் என்ன, அளவு என்ன என்று அறியும் ஆவல் பாடநூல்கள் எளிதில் ஊட்ட இயலாத ஒன்று. நூலாசிரியர் சிறுவனைக் கண்டிப்பதும் இல்லை, போற்றுவதும் இல்லை. முட்டை எடுக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது என் வாதமன்று. தொடுதலைச் சட்டம் தடுத்தது சரியே. தொடுதலோடு சேர்ந்து வந்த அறிதலுக்கு மாற்று எதையும் நாம் அமைக்கவில்லை என்பதே குறை. வாழைத் தோட்ட வேலிமேல் அமரும் பறவையின் பெயரைக் கேட்டறிந்து ஓர் ஆண்டு முழுவதும் குறித்து வருவதற்கு எந்தச் சட்டமும் தடையன்று.

கிளி கடியும் பிள்ளை

புன்னைப் பாடல் மரத்துக்குப் பொருந்தும். வாழையைக் குலைக்கும் காட்டுப்பன்றிக்குப் பொருந்துமா? களக்காட்டுப் பிள்ளை காட்டைப் பற்றி வீட்டில் கேட்கும் பேச்சுள் பெரும்பகுதி இழப்பைப் பற்றியது. பன்றி கிழங்கைத் தோண்டிய இரவும், யானை தோப்பில் இறங்கிய இரவும் அதன் அனுபவக் கல்வி. வகுப்பறையிலோ விலங்குகள் நம் நண்பர்கள் என்ற பாடம். இரண்டுக்கும் இடையிலான முரணை ஆசிரியர் தொடாதபோது, பிள்ளை பாடத்தைத் தேர்வுக்கும் அனுபவத்தை வாழ்வுக்கும் எனப் பிரித்து வைத்துக்கொள்கிறது.

சங்கப் பாடல்கள் இம்முரணை மறைக்கவில்லை. குறிஞ்சித் திணையின் தலைவி தினைப்புனம் காப்பவள். தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் கிளியை ஓட்டுவது அவள் வேலை. கிளியின் அழகை அறிந்தவளும் அவளே, அதனால் கதிர் இழப்பவளும் அவளே. புன்னையைத் தமக்கை என்ற அதே இலக்கியத்தில் கிளி தமக்கையாக்கப்படவில்லை. துரத்தப்படுகிறது, ஆயினும் வெறுக்கப்படவில்லை. களக்காட்டு வகுப்பறைக்கு இரண்டு பாடல்களும் வேண்டும். இரண்டாவது கூடுதலாகவே வேண்டும். பன்றி ஏன் இறங்குகிறது, எந்த மாதத்தில் இறங்குகிறது, தாத்தா காலத்தில் காவல் எப்படி இருந்தது என்று பிள்ளைகளே வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் சொல்வது, நட்பைப் பற்றிய பாடத்தினும் நேர்மையான தொடக்கம்.

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய கிள்ளைப் பத்தின் முதற்பாட்டு கிளிகளை ஊழி கடந்தும் வாழ்க என்று வாழ்த்துகிறது. தலைவியைப் புனங்காவலுக்கு வரச்செய்தவை அவையே என்பது காரணம். காட்டுயிர்ப் பரிவுக்குச் சான்றாக இதனைக் காட்டுவது எளிது. காட்டுமுன் கூற்று யாருடையது என்று நோக்குதல் வேண்டும். வாழ்த்துபவன் தலைவன். தினை அவனுடையது அன்று.