ஒரு பிடி உயரத்தில் துருவ வெள்ளி: பாய்க்கப்பல் பயிற்சியின் பள்ளிகளும் தரங்களும்

கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வடக்கே போனால் வரணி கடந்து முள்ளிவெளி வரும். பார்வையை மறைக்க மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. முகில் இல்லாத இரவொன்றில் அங்கே சைக்கிளை நிறுத்தி, வடக்கைப் பார்த்து வலக்கையை நேரே நீட்டி, விரல்களைப் பொத்தி, பொத்திய கையின் அடியை அடிவானத்தில் பொருத்திப் பாருங்கள். கையின் மேல்விளிம்பை ஒட்டித் துருவ வெள்ளி நிற்கும்.

நீட்டிய கையின் ஒரு பிடி ஏறத்தாழ 10 பாகை. எங்கள் ஊரான கொடிகாமம் நிற்பதும் வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழேதான். துருவ வெள்ளி எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. வடகடலில் கப்பல் ஓட்டிய தண்டையல்மார், அதாவது கப்பல் தலைவர்கள், துருவ வெள்ளியின் இந்த உயரத்தை இரவில் வழிகாட்டியாகக் கொண்டார்கள்.

கொடிகாமத்தை இன்று சந்தைக்காகவும் தேங்காய்க்காகவும் பலாப்பழத்துக்காகவும் அறிகிறார்கள். தெற்கே கச்சாய்த் துறையும் வடக்கே உப்பாறும் கிடக்க, இரண்டு நீருக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. கடலோடும் கலையைப் பற்றி எழுத எனக்குள்ள உரிமை அந்த இரண்டு நீரும் தந்தது. தொலைதூரப் பாய்ப்பயணத்துக்கு ஆளைத் தயார் செய்யும் மரபில் எத்தனை பள்ளிகள் இருந்தன, ஒவ்வொன்றும் எதைத் தரமென்று கொண்டது என்பதை இக்கட்டுரையில் பதிந்து வைப்பது என் நோக்கம்.

பரவைக்கடற் பள்ளி

முதற்பள்ளி எங்கள் வாசலில் கிடக்கும் பரவைக்கடல். கச்சாயிலிருந்து பூநகரிக் கரை வரை விரியும் இந்த நீரில் பல இடங்களில் ஆள் தாழாது. தண்டு வலிப்பதை விட மரக்கோல் ஊன்றித் தள்ளுவதே அங்கு எளிது. ஆழம் குறைந்த நீரில் காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் கூர்மையாகவும் அடிக்கும். சிறு வள்ளம் கவிழ அதுவே போதும்.

சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பா என்னை வள்ளத்தில் ஏற்றிப் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கையில் தந்தார். கை வலித்ததும் நான் அதைக் குறுக்குப் பலகையில் கட்டப் போனேன். "தம்பி, தாமானைக் கட்டாதை. கையிலை பிடி. காத்து அடிச்சா விடுறதுக்குத்தான் அது," என்றார். அன்று மாலைக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. சோழகம் என்னும் தென்மேற்குக் காற்றின் ஒவ்வொரு மூச்சும் அந்தக் கயிற்றால் கைக்குள் வந்து போனது. காற்று வரப்போவதை நீரின் நிறம் கறுப்பதில் முதலிலும், கயிற்றின் இழுப்பில் பிறகும் அறியப் பழகினேன்.

இரண்டு சோழகம் கழிந்தபின் ஒருநாள் இரவு, பூநகரிப் பக்கமிருந்து திரும்பும் வழியில், பெரியப்பா சுக்கானை என்னிடம் விட்டுவிட்டு வள்ளத்தின் அடிப்பலகையில் படுத்தார். சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது. அவர் என்னைப் பாராட்டி ஒரு சொல்லும் சொன்னவரில்லை. அந்தக் குறட்டைதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

பின்னாளில் எந்தப் பள்ளியின் கதையைக் கேட்டாலும் நான் தேடுவது அந்த ஒரு கேள்வியைத்தான்: இவன் சுக்கான் பிடித்தால் மற்றவர்கள் நம்பி உறங்கலாமா?

1990களின் முற்பகுதியில், போரால் தரைப்பாதை அடைபட்டுக் கிடந்த காலத்தில், இதே பரவைக்கடலின் பகுதியான கிளாலிக் கடலை இருட்டில் கடந்த எங்கள் மக்கள் இந்தக் கேள்வியை உயிரால் கேட்டவர்கள். விளக்கில்லாமல் வள்ளம் ஓட்டியவர்கள் பரவைக்கடற் பள்ளியின் மாணவர்களே.

வல்வைப் பள்ளி

முள்ளிவெளியைக் கடந்து வடமராட்சிக்குள் போனால் இரண்டாம் பள்ளி. வல்வை எனப்படும் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, தீவுப்பக்கத்தில் ஊர்காவற்றுறை ஆகிய துறைகள் ஆழ்கடலுக்கு ஆள் வளர்த்தவை. வல்வைக் கப்பல்கள் நாகபட்டினம், காரைக்கால், இரங்கூன், அக்கியாப் என்று ஓடி அரிசியும் தேக்கும் கொண்டுவந்தன. யாழ்ப்பாணப் புகையிலை கடல்வழியே திருவிதாங்கூருக்குப் போனது. சோழகத்தில் வங்கக் கடலைக் கடந்து, வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் திரும்புவது ஆண்டின் ஒழுங்கு. வல்வையின் கரை திறந்த கரை என்பதால், மாரியில் வாடை இரையும் நாட்களில் கப்பலை ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தண்டையலின் பொறுப்பு.

இந்தப் பள்ளிக்குக் கட்டடம் கப்பலேதான். பையனாக ஏறுகிறவன் முதலில் அடுப்பையும் தண்ணீர்ப் பீப்பாயையும் பார்ப்பான். பிறகு அடியில் ஊறும் நீரை இறைப்பான். கிழிந்த பாய் தைப்பான். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்ப்பான். பாய் தொங்கும் பருமலில் ஏறிப் பாய் சுருட்டுவான். இவையெல்லாம் தேறியபின்தான் சுக்கான். சுக்கானிலும் முதலில் பகல், பிறகு இரவு. தண்டையல் ஆவதற்கு முன் ஒருவன் கப்பலில் உள்ள எல்லா வேலையையும் தன் கையால் செய்து முடித்திருப்பான்.

வானத்தைப் படிப்பதற்குக் கருவியும் இருந்தது. சோழமண்டலக் கரை மாலுமிகளின் உபாயங்களை 1850இல் கொங்கிறீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்தார். அவற்றில் ஒன்று இராப்பலகை. சிறு மரப்பலகையின் நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ வெள்ளியிலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. எந்த முடிச்சில் வெள்ளி பொருந்துகிறதோ அந்தத் துறையின் அகலக்கோட்டில் கப்பல் நிற்கிறது. முள்ளிவெளியில் நாம் பொத்திய கையால் பார்த்ததையே அவர்கள் பலகையால் நுட்பமாக்கினார்கள். ஓடும் வேகத்தை அறிய, கப்பலின் முன்பக்கமான அணியத்தில் மரத்துண்டை நீரில் போட்டு அது பின்பக்கம் வரும் நேரத்தைக் கணித்தார்கள்.

யாழ்ப்பாணத் தோணிகளின் அணியத்தில் கண் எழுதும் வழக்கத்தைக் கலங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்ணெல் குறித்திருக்கிறார். கப்பல் வழி பார்த்துப் போகவேண்டும் என்ற பிரார்த்தனை அது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் இரவெல்லாம் விழித்திருந்த மனிதக் கண் ஒன்று எப்போதும் இருந்தது.

இப்பள்ளியின் பெரும்பரீட்சை 1938இல் நடந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி நீளமான இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி. சிறிய படகில் உலகைச் சுற்றிப் பெயர்பெற்ற அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட வல்வை மாலுமிகள் ஐவர் செங்கடல், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அத்திலாந்திக் என்று கடந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மசாசூசெற்சின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். நம்மவர் தங்கள் கைகளால் கட்டிய கலம், நம்மவர் கைகளால் அத்திலாந்திக்கைத் தாண்டியது.

சுயஸில் துருவ வெள்ளி மூன்று பிடி உயரம். ஜிப்ரால்டரில் மூன்றரைப் பிடிக்கு மேல். குளொஸ்ரரில் நாலு பிடியையும் தாண்டி நின்றது. ஒரு பிடி உயரத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அது இத்தனை உயரத்துக்கு ஏறியதைப் பார்த்தபடி சுக்கான் பிடித்திருப்பார்கள்.

தூத்துக்குடித் தோணி

பாக்குநீரிணைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் தூத்துக்குடித் தோணி மூன்றாம் பள்ளி. வெங்காயம், மிளகாய் என்று சரக்கேற்றிக் கொழும்புக்கு ஓடிய இத்தோணிகள் எந்திரம் வரும்வரை பாயை மட்டுமே நம்பின. பண்டாரி என்ற சமையற்பையனிலிருந்து தலைவனான தண்டல் வரை ஏறும் ஏணி வல்வையினதை ஒத்தது. பாரமேற்றிய தோணி திரும்ப நேரமெடுக்கும். காற்று மாறுமுன்பே முடிவெடுப்பது இப்பள்ளி தரும் பாடம். மரத்தோணிகள் இன்றும் எந்திரத்தோடு மாலைதீவுக்கு ஓடுகின்றன.

உலகின் பாய்ப்படகுப் பள்ளிகள்

அன்னபூரணி கரைசேர்ந்த அதே குளொஸ்ரரிலிருந்து 1933 முதல் இன்னொரு பள்ளி ஓடிக்கொண்டிருந்தது. ஏர்விங் ஜோன்சனும் மனைவி எலெக்ராவும் 'யாங்கி' என்ற பெயருடைய இரு கப்பல்களில், 1958 வரை 7 தடவை உலகைச் சுற்றினார்கள். அவர்களுடைய மாலுமிகள் கடலறியாத இளையோர். செலவில் தம் பங்கைக் கொடுத்து ஏறி, பதினெட்டு மாதம் பாய் இழுத்து, சுக்கான் பிடித்து, சமைத்து, கடலோடிகளாக இறங்கினார்கள். இன்று உலகெங்கும் சிறு பாய்ப்படகுகளில் நாலைந்து பேரை ஏற்றிப் பெருங்கடல் கடந்தபடியே கற்பிக்கும் பயணங்களுக்கு இது ஒரு முன்னோடி.

இக்கல்விக்கு எழுத்தில் தரம் வகுத்தது பிரித்தானிய றோயல் யொட்டிங் சங்கம். ஐந்து நாள் மாலுமிப் பயிற்சியில் தொடங்கி, பகற்பயணத் தலைவர், கரையோரத் தலைவர், யொட்மாஸ்ரர் என்று படிகள் ஏறுகின்றன. உச்சியில் உள்ள பெருங்கடற் படிக்கு, இடையில் கரை தொடாமல் குறைந்தது 600 கடல் மைலும் 96 மணி நேரமும் ஓடியிருக்க வேண்டும். செக்ஸ்ரன்ற் கருவியால் வான்பொருளை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்தும் காட்டவேண்டும். ஜிபிஎஸ் கையிலிருக்கும் காலத்திலும் இராப்பலகையின் தத்துவத்தை அச்சங்கம் கைவிடவில்லை.

கடற்படைப் பள்ளி

இந்தியக் கடற்படை பாய்க்கல்வியைப் புதுப்பித்த விதம் நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு. கோவாவில் கட்டிய 'மாதேய்' படகில் திலீப் தோந்தே 2009-10இல் தனியாக உலகைச் சுற்றினார். 2012-13இல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றிவந்தார். 2017-18இல் 56 அடிப் படகான 'தாரிணி'யில் பெண் அதிகாரிகள் அறுவர் போய்வந்தார்கள்.

அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2ஆம் திகதி கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி அதற்கு முன் நடந்தது. 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29ஆம் திகதி திரும்பினார்கள். படகில் இருவர் மட்டும். ஒருவர் உறங்கினால் மற்றவர் கையில் முழுப் படகும் தென்சமுத்திரத்துப் பேரலையும். அந்த எட்டு மாதத்தில் கடலில் இருந்த ஒவ்வோர் இரவும் ஒருவரையொருவர் நம்பி உறங்கினார்கள். என் பெரியப்பாவின் குறட்டை எனக்குள் எழுப்பிய கேள்விக்கு இதைவிடப் பெரிய விடை எனக்குத் தெரியாது.

பொதுத் தரமும் குறையும்

இப்பள்ளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில தரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. எல்லா வேலையும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காற்று பெருக்குமுன் பாயைக் குறைக்கவேண்டும். நிற்குமிடத்தை ஒரு வழியால் மட்டும் நம்பாமல் வெள்ளி, ஆழம், வேகம் என்று பல வழியாலும் சரிபார்க்க வேண்டும். அடுப்படி வேலையை இழிவென்று எண்ணக்கூடாது. இவற்றின் முடிவான பரீட்சைதான் உறக்கம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பரவைக்கடலும் வல்வையும் குடும்பத்துக்கும் உறவுக்கும் உள்ளேயே கற்பித்தன. பெண்பிள்ளைகளுக்கு இடம் தரவில்லை. எழுதி வைக்கவுமில்லை. நீராவிக் கப்பல்களும் போரும், 1948க்குப் பின் இறுகிய எல்லைக் கட்டுப்பாடுகளும் பாய்க்கப்பலை ஓரங்கட்டியபோது, தண்டையல்மாரோடு அறிவும் போனது. மேலைப் பள்ளிகள் எழுதி வைத்தன, எவருக்கும் கதவு திறந்தன. ஆனால் ஐந்து நாளில் உள்ளங்கை பழுக்காது. கடற்படைப் பள்ளி நீண்ட பயிற்சியையும் திறந்த கதவையும் சேர்த்துக் காட்டியது. அதற்கு ஓர் அரசின் கருவூலம் வேண்டியிருந்தது.

நமக்கு இவற்றின் நடுவழி போதும். கச்சாயில் பாய் கட்டிய இரண்டு வள்ளம், தாமானைப் பிடித்துக் காட்ட இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்கள், வல்வையில் ஒரு பயிற்சிப் படகு, ஆணும் பெண்ணுமாய்ப் பாடசாலைப் பிள்ளைகள், கற்றதைக் குறித்துவைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. முதற்பாடத்துக்குக் காசு தேவையில்லை. பிள்ளைகளை ஓர் இரவு முள்ளிவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டி விரல்களைப் பொத்தச் சொல்லுங்கள். கடைசிப் பாடம், அந்தப் பிள்ளையிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு நாம் சாரத்தால் முகத்தை மூடிப் படுப்பது.